கை மடியில் இருக்கட்டும்

அந்த மூலையில் ஒன்றுமே கிடையாது. மருத்துவமனைக் கட்டிலுக்கு மேலே பொருத்தும் அந்தத் தொடுதிரையை வடிவமைத்தவள் அவள். அங்கே ஒன்றும் வைக்க வேண்டாம் என்று முடிவு செய்ததும் அவள்தான். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான், அதற்குள் ஒரு மணியின் படம், கீழே 'நர்ஸை அழைக்க' என்று கொட்டை எழுத்து. மேலே வரிசையாக விளக்கு, மின்விசிறி, டிவி. கீழே இடது மூலை வெறும் வெள்ளை. ஆனால் முதல் நாள் சோதனைக்கு வந்துபோன எல்லாருடைய கண்களும் அந்த வெள்ளையில்தான் போய் உட்கார்ந்திருந்தன.

திரைக்கு அடியில் ஒட்டியிருந்த கறுப்புப் பட்டை ஒன்று, படுத்திருப்பவரின் கண் எங்கெங்கே போகிறது என்று விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். மாலையில் அத்தனை பேர் பார்வையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால், போகிற போக்கில் பார்த்த இடம் பச்சையாகவும், நின்று பார்த்த இடம் சிவப்பாகவும் தெரியும். ஹீட்மேப் என்பார்கள். அன்றைக்குப் பொத்தான் பச்சையாக இருந்தது. மூலை ரத்தக்கட்டு மாதிரிச் சிவந்திருந்தது.

"நல்ல கூத்துக்கா இது. பொத்தானை விட ஒண்ணுமில்லாத இடத்தைத்தான் எல்லாரும் ரசிச்சிருக்காங்க," என்றான் கண்டக்டர்.

சோதனைக்கு வருகிறவர்களை வாசலிலேயே பிடித்து "உள்ள வாங்க, உள்ள வாங்க, உள்ள நிறைய இடம் இருக்கு" என்று கூட்டிப்போவதால் அலுவலகத்தில் அவனுக்கு அந்தப் பெயர். வந்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோதனையை நடத்துவது அவன் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கவனிப்பது அவள் வேலை.

"மெஷின் கோளாறா இருக்கும். இல்லேன்னா ஸ்கிரீன்ல எண்ணெய்ப் பிசுக்கு," என்று அவனே சமாதானமும் சொன்னான். கைக்குட்டையால் மூலையை அழுத்தித் துடைத்தான். ஒரு முறை துடைத்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, மறுபடியும் துடைத்தான்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லக்கா. இந்த இடம் மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கு. உள்ள பேட்டரி இருக்கும் போல."

பேட்டரி மேலே வலப்பக்கம் இருந்தது. அவளுக்கு அது தெரியும்.

சோதனைக்கூடம் இரண்டு அறைகளால் ஆனது. ஒன்றில் உண்மையான மருத்துவமனைக் கட்டில், ரப்பர் விரிப்பு, வளைந்த கம்பியில் தொங்கும் திரைச்சீலை. படுத்துக்கிடப்பவர்களுக்காகச் செய்யும் பொருளைப் படுத்துத்தான் சோதிக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்று வாங்கிய கட்டில் அது. இன்னொன்று அவளுடைய இருட்டறை. ஒரு நாற்காலி, நர்ஸுக்கான சின்னத் திரை, கட்டிலறைச் சத்தத்தைக் கொண்டுவரும் ஸ்பீக்கர், பதிலுக்குப் பேச ஒரு மைக். நடுவில் சுவரளவு கண்ணாடி. கட்டிலிலிருந்து பார்த்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடி, இருட்டறையிலிருந்து பார்த்தால் ஜன்னல். இருட்டறையில் மட்டும் விளக்கைப் போடக்கூடாது. போட்டால் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு அறைகளுக்கும் வெளிச்சம் வர வழி கிடையாது. வெளியே நடுப்பகலாக இருந்தாலும் உள்ளே ராத்திரிதான்.

இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. உதவி செய்யக்கூடாது. பொத்தான் மூக்குக்கு நேரே இருக்கும், வந்தவர் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருப்பார்; பார்க்கிறவருக்கு நாக்கு துடிக்கும், கை பரபரக்கும். பேசினால் சோதனை கெட்டுப்போகும். திணறுகிற இடத்தில்தான் வடிவமைப்பின் குற்றம் தெரியும், ஆகவே திணற விட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடம் இதுதான்: "கை மடியில் இருக்கட்டும். வாய் மூடி இருக்கட்டும். ரொம்பத் தாங்கலேன்னா ஒரே ஒரு கேள்வி கேக்கலாம். இப்ப என்ன நினைக்கிறீங்க?"

இதை அவள் வீட்டுக்கும் கொண்டுபோயிருந்தாள். மகள் வாலுவுக்கு அது ஒரு விளையாட்டு. பெயருக்கேற்ற குழந்தை, உட்கார்ந்த இடத்தில் உட்காராது. ஒருத்தி கட்டிலில் படுத்து எதையாவது தேட வேண்டும், மற்றவள் நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் பார்க்க வேண்டும். உதவி செய்தால் அவுட். வாலு ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொள்வாள், கன்னம் உப்பும், கண் நிறையச் சிரிப்பு முட்டும், கடைசியில் உடைந்துவிடும். "அம்மா, அங்க இல்லம்மா! இங்க! தலகாணிக்குக் கீழ!" அம்மா திணறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அந்தக் குழந்தைக்கு வரவில்லை.

அம்மாவுக்கு வந்தது.

போன வருஷம் நடந்தது அது. வாலுவுக்கு மூச்சு இரைப்பு, மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள், தேறிவிட்டாள், மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. ராத்திரிகளில் அதே கட்டிலில் குழந்தை இடப்பக்கமும் இவள் வலது ஓரத்தில் தொங்கிக்கொண்டும் படுத்திருந்தார்கள். இடப்பக்கக் கம்பியில், கீழே, வயரில் கட்டிய ஒரு கைக்கருவி தொங்கும். அதில் நான்கு பொத்தான்கள், நான்கும் ஒரே சாம்பல் நிறம், ஒரே அளவு. ஒன்று விளக்கு, ஒன்று விசிறி, ஒன்று டிவி, ஒன்று நர்ஸை அழைக்கும் மணி. ஒரு சாயங்காலம் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியவள் கதவின் சதுரக் கண்ணாடி வழியே பார்த்தாள். கட்டிலுக்கு மேலே விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. வாலு பொத்தான்களை ஆராய்கிறாள் என்று நினைத்தாள். மணி எதுவென்று கண்டுபிடிக்கிறாளா பார்ப்போம் என்று நின்றாள். நாலும் ஒரே மாதிரி, எந்த மடையன் செய்தது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வெளியே நின்று, சிரித்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு அணைந்தபடியே நின்ற பிறகுதான் உள்ளே போனாள். மூச்சு வராத குழந்தையால் கத்த முடியவில்லை. கத்த முடியாததால் அழுத்தியிருக்கிறது. அழுத்தியது விளக்கை.

தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன் என்றுதான் அவள் டாக்டரிடம் சொன்னாள், கணவரிடமும் சொன்னாள். அது பொய்யில்லை. பாதி உண்மைதான் முழுப் பொய்யை விடக் கனம் என்பது சுமக்கிறவளுக்குத்தானே தெரியும். அதற்குப் பிறகு இந்தத் திரை வேலை வந்தபோது, வேண்டாம் என்று எல்லாரும் சொல்லியும் கெஞ்சி வாங்கிக்கொண்டாள். எந்தக் குழந்தையும் தவறவிட முடியாத ஒரு பொத்தான். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். தன் பிள்ளை வளராது என்று தெரிந்தும் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் முதலில் ஒரு லாரி டிரைவர் வந்தார். கண்டக்டர் வழக்கம்போல் அவள் எழுதிக்கொடுத்ததை ஒப்பித்தான். "ஐயா, இது உங்களுக்குப் பரீட்சை இல்ல. இந்த ஸ்கிரீனுக்குத்தான் பரீட்சை. நீங்க தப்பா அழுத்தினா தப்பு எங்களோடது. மனசுல என்ன ஓடுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்ங்க."

டிரைவர் ஆஜானுபாகுவான ஆள். ஆனாலும் கட்டிலின் வலது ஓரத்தில் ஒடுங்கிப் படுத்தார். ஒரு தோள் வெளியே தொங்கியது. "சிவப்புப் பொத்தான் தெரியுது... அழுத்தினா நர்ஸம்மா வருவாங்க... சரி..." குரல் தேய்ந்தது. தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. ஸ்பீக்கரில் அவருடைய மூச்சு கேட்டது, ஏசியின் உறுமல் கேட்டது, அதற்கும் அடியில் வேறொன்று, ஈரத்துணிக்குள்ளிருந்து யாரோ காற்றை உறிஞ்சுவது போல மெல்லிய சீழ்க்கை ஒன்று, இழுத்து, நின்று, இழுத்து.

"ஐயா, இப்ப என்ன நினைக்கிறீங்க?"

"இங்க யாரோ அழுத்திட்டே இருக்காங்க தம்பி," என்றார் டிரைவர். எழுந்து உட்கார்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. ஏனென்று அவருக்கே தெரியவில்லை. "பெரிய பொண்ணு ஞாபகம் வந்துடுச்சு. ஒரு போன் போட்டுட்டு வரேன்," என்று வெளியே போனவர் திரும்பி வரவில்லை.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் இருட்டறையிலேயே இருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் கட்டில் காலியாகக் கிடந்தது. அவளுடைய திரையில், கட்டில் திரையை யார் எங்கே தொட்டாலும் ஒரு சின்ன வட்டம் தோன்றி மறையும். கீழே இடது மூலையில் ஒரு வட்டம் தோன்றியது. மறைந்தது. மறுபடியும் தோன்றியது.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். கட்டிலில் யாருமில்லை. தூசி பட்டாலும் சில சமயம் திரை தொட்டதாக நினைத்துக்கொள்ளும், அவள் பார்த்திருக்கிறாள். வட்டத்தின் அளவைப் பார்த்தாள். பெரியவர்கள் விரல் என்றால் வட்டம் தடியாக விழும். இது பென்சிலின் பின்முனை அளவுதான் இருந்தது. அந்த விரலுக்கு அவள் நகம் வெட்டியிருக்கிறாள். வெட்டும்போதெல்லாம் பிடுங்கிக்கொண்டு ஓடும் விரல்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்வார்கள் என்று தெரியும். லீவு கொடுப்பார்கள், கட்டிலறையைப் பூட்டுவார்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் கணவர் சாப்பாட்டை எடுத்து வைத்தார். வாலு போனதிலிருந்து அவர்தான் சமையல். மேஜையில் மூன்றாவது நாற்காலியை இன்னும் யாரும் நகர்த்தவில்லை.

"முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றார்.

"என்னங்க... அவ கூப்பிட்டா எனக்குக் கேக்குமா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "போதும்மா. அந்த வேலைய விட்டுடு. நீ அங்க இருந்திருந்தா ஓடிப் போயிருப்பே, எனக்குத் தெரியாதா? தண்ணி பிடிக்கப் போனது ஒரு குத்தமா? உன்னை நீயே தின்னுக்காத."

இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நான் அங்கேதான் இருந்தேன். கதவுக்கு வெளியே, கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு. வார்த்தை தொண்டை வரை வந்தது. அவர் கண்ணில் இருந்த இரக்கத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. அந்த இரக்கமும் போய்விட்டால் அவளுக்கு உலகத்தில் ஒன்றும் மிஞ்சாது.

மூன்றாம் நாள் கடைசியாக வந்தவள் நிறைமாதக் கர்ப்பிணி. தையல் வேலை செய்கிறவள், வாய் ஓயாத பெண், வந்ததும் கண்டக்டரின் சட்டைத் தையல் சரியில்லை என்று சொல்லி அவனைச் சிரிக்கவைத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் ஏறி, வலது ஓரத்துக்கு நகர்ந்து நகர்ந்து போய்ப் படுத்தாள்.

"விழுந்துடப் போறீங்க. நடுவுல படுங்களேன்," என்றான் கண்டக்டர்.

"இல்லண்ணே, இடம் விடணும்," என்றாள் அவள். பிறகு, தான் சொன்னதைத் தானே கேட்டவள் போல விழித்தாள். "யாருக்குன்னு கேக்காதீங்க. தோணுச்சு."

சோதனைக்கு முன் கண்களைக் கருவிக்குப் பழக்க வேண்டும். அப்போது இருட்டறைத் திரை கறுப்பாகும்; கருவி ஒருவரின் கண்களைக் கண்டுபிடித்ததும் அந்தக் கறுப்பில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் வரும். ஆள் அசைந்தால் அசையும், இமைத்தால் மறைந்து வரும். வந்தன, இரண்டு. சற்றுக் கீழே, இடப்பக்கம், இன்னும் இரண்டு. நெருக்கமாக, சின்னதாக.

அவை இமைக்கவில்லை.

"அக்கா, நாலு காட்டுது," என்று கண்டக்டர் காதில் மாட்டியிருந்த கருவியில் கிசுகிசுத்தான். அவனிடமும் ஒரு சின்னத் திரை உண்டு. "கம்மல் வெளிச்சமா இருக்குமோ?"

அந்தப் பெண் கம்மல் போட்டிருக்கவில்லை. அவள் கை மெல்ல நீண்டு பக்கத்துக் காலி இடத்தில் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. தூங்காத பிள்ளையைத் தட்டுவது போல, மெதுவாக. "இதுக்கு மூச்சு ரொம்ப இழுக்குதே," என்றாள், தூக்கத்தில் பேசுகிற குரலில். "யாரும் வர மாட்டேங்கிறாங்களே. எவ்வளவு நேரமா கூப்பிடுது பாவம்."

கண்டக்டர் எழுந்துவிட்டான். சட்டத்தை முதல் முறையாக மீறி அவள் தோளைப் பிடித்து எழுப்பி, தண்ணீர் கொடுத்து, ஆட்டோ பிடித்து அனுப்பினான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, எனக்கு இது சரியாப் படல. நாளைலேர்ந்து வேற ரூம்ல வச்சுக்கலாம். நீங்களும் கிளம்புங்க, நான் பூட்டிட்டுப் போறேன்."

"நீ போப்பா. எனக்கு ஒரு சின்னத் திருத்தம் இருக்கு. முடிச்சுட்டுப் பூட்டிக்கிறேன்."

வாசல் வரை போய் நின்றான். "விளக்கைப் போட்டுக்கிட்டு உக்காருங்க," என்றான். அவன் காலடிச் சத்தம் நடைபாதையில் தேய்ந்து போனது.

திருத்தம் உண்மையிலேயே சின்னதுதான். ஆட்கள் ஓரிடத்தைத் தேடிக்கொண்டே இருந்தால், ஆட்களைத் திருத்தாதே, அந்த இடத்தில் பொத்தானை வை. இதுவும் அவள் சொல்லிக்கொடுக்கும் பாடம்தான். திரையின் வரைபடத்தைத் திறந்தாள். சிவப்புப் பொத்தானை நடுவிலிருந்து எடுத்து, கீழே இடது மூலையில், அந்த வெள்ளையில் வைத்தாள். 'நர்ஸை அழைக்க' என்பதை அழித்தாள். 'அம்மா' என்று எழுதினாள். இரண்டு முறை தப்பாக விழுந்தது, அழித்து மறுபடி எழுதினாள். மாற்றத்தைக் கட்டில் திரைக்கு அனுப்பிவிட்டு, இருட்டறையில், அவளுடைய நாற்காலியில், காத்திருந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் ஒற்றை விளக்கின் கீழ் கட்டில். ரப்பர் விரிப்பின் வாடை கதவிடுக்கு வழியாக இங்கே வரைக்கும் வந்தது, அதோடு மருந்து வாடை, சோதனைக் கட்டிலில் யாரும் மருந்தே வைத்ததில்லை. ஏசி தானாக நின்றது. அதன் உறுமலுக்குப் பழகியிருந்த காதில் மௌனம் ஒரு சத்தமாக விழுந்தது. பிறகு ஸ்பீக்கரில் அந்தச் சீழ்க்கை. இழுத்து. நின்று. இழுத்து.

மணி அடித்தது.

நர்ஸ் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரே வார்த்தை: அம்மா. அதன் கீழே 'வருகிறேன்' என்ற பதில் பொத்தான். அவள் அதை அழுத்தவில்லை. நாற்காலி சரிந்து விழ ஓடினாள். நடைபாதையில் இடித்துக்கொண்டாள், கதவைத் தோளால் தள்ளினாள், "வந்துட்டேன், வந்துட்டேன்டா கண்ணு, அம்மா வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே உள்ளே போனாள். அன்றைக்கு ஓடியிருக்க வேண்டிய ஓட்டம் அது.

கட்டிலில் யாருமில்லை. விரிப்பின் இடப்பக்கம் மட்டும் குழிந்திருந்தது.

வலது ஓரத்தில் ஏறிப் படுத்தாள். அந்த உடம்புக்கு அந்த ஓரம் மறக்கவில்லை. கையை நீட்டினாள். விரிப்பு வெதுவெதுப்பாக இருந்தது. "வாலு," என்றாள். "அம்மா பாத்தேன்டா. வெளிய நின்னு பாத்துட்டே இருந்தேன். நீ விளையாடறேன்னு நினைச்சேன். உன்னைத் திணற விட்டுட்டேன்." ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்றது இப்போதுதான் வெளியே வந்தது. அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், வெட்கமில்லாமல் அழுதாள். "தப்பு உன்னோடது இல்ல கண்ணு. தப்பு என்னோடது."

சீழ்க்கை நின்றது.

விரிப்பின் குழி மெல்ல நிமிர்ந்தது. கட்டில் லேசாக ஆடியது, குழந்தை இறங்கும்போது ஆடுவது போல. வெறுங்கால்கள் தரையில் பட்ட சத்தம். கதவு திறந்தது. மூடியது.

"எங்கடா போற?"

நடைபாதையில் காலடி. பக்கத்து அறைக் கதவு. பிறகு ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டது, விழுந்து கிடந்த நாற்காலியை யாரோ நிமிர்த்தும் சத்தம். சிரமப்பட்டு. சின்னக் கையால்.

எழ நினைத்தாள். அப்போதுதான் மூச்சு உள்ளே வரவில்லை என்பது தெரிந்தது.

இழுத்தாள். மூச்சின் வாசல் அடைத்திருந்தது. மறுபடி இழுத்தாள். நெஞ்சுக்குள் ஈரத்துணி. சீழ்க்கை இப்போது அவளிடமிருந்து வந்தது. வாலு என்று கத்தினாள். உதடு மட்டும் அசைந்தது. கால்கள் கேட்கவில்லை. எதிரே கண்ணாடியில் அவள் முகம், அவள் திறந்த வாய். தலைக்கு மேலே திரை. மூலையில் சிவப்புப் பொத்தான். யாராலும் தவறவிட முடியாத பொத்தான்.

அழுத்தினாள்.

மணி அடிக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது.

முகம் மறைந்தது. கண்ணாடி ஜன்னலாயிற்று. அந்தப் பக்கம், நாற்காலி. நாற்காலியில் மருத்துவமனை அங்கி, தரை எட்டாத இரண்டு கால்கள். விளக்கு அணைந்தது.

அழுத்தினாள். எரிந்தது. வாலு. தலை கலைந்து, முன்பல் இல்லாமல், கண் நிறையச் சிரிப்போடு. அணைந்தது.

அழுத்தினாள். மைக் சொடுக்கிட்டது. ஒரு வருஷமாகக் கேட்காத குரல், ஆசை ஆசையாக, விளையாட்டின் சட்டத்தைத் துளியும் பிசகாமல் கேட்டது.

"இப்ப என்னம்மா நினைக்கிற?"

அணைந்தது. எரிந்தது. அணைந்தது. விரல் மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தது. எரிந்த ஒவ்வொரு தடவையும் குழந்தை அங்கேயே இருந்தாள், கொஞ்சமும் அசையாமல். கை இரண்டும் மடியில். உதட்டை உள்ளே மடித்து, இறுகக் கடித்து, கன்னம் உப்ப, வந்துவிடப் பார்க்கும் வார்த்தையை உள்ளேயே பிடித்துக்கொண்டு. இந்த முறை அவள் தோற்பதாக இல்லை.